கொடைக்குப் போறோம்

"உங்க மக கொடைக்கானல் போயிட்டு வந்ததை எம்புட்டு அழகா சொன்னா தெரியுமாம்மா? இவ மேல ஏறி உக்காந்ததும் குதிரை தும்முச்சுன்னு சொன்னா பாருங்க, வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது" என்றார் டீச்சர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்பதுகளின் கடைசியில் ஒரு முழுப் பரீட்சை நேரம். என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் ஒருத்தர்கூட அதுவரை கொடைக்கானல் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. குதிரையை அவள் கோயில் சப்பரத்தில் பார்த்திருப்பாள், அதுவும் மரக்குதிரை. டீச்சர் முன்னால் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு, பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் பிடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, வாயைத் திறந்தா புளுகா? தோலை உரிச்சுப்புடுவேன்."

அவள் அழவில்லை. என் மகள் அல்லவா, எதிர்த்து நின்றாள். "லீவுல எங்க போனீகன்னு எல்லாரையும் எழுப்பிக் கேக்காக. நான் மட்டும் வீட்லயே கிடந்தேன்னு எத்தனை வருசம் சொல்ல?"

"அப்ப போன வருசமும் புளுகினியா?"

"போன வருசம் ஊட்டி."

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. வெட்கக்கேடு என் பிள்ளைக்கா எனக்கா என்று தெரியவில்லை. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்தவள். ராஜபாளையத்தில் வாக்கப்பட்டவள். இரண்டு ஊரிலும் காலையில் கதவைத் திறந்தால் மேற்கே மலைதான். மழை வருமா என்று பார்க்க மலையைப் பார்ப்போம், மணி என்ன என்று பார்க்க மலையைப் பார்ப்போம். ஆனால் அதன் மேலே ஏறினால் என்ன இருக்கும் என்று நான் யோசித்ததுகூடக் கிடையாது. மலையைக் காலண்டர் படம் மாதிரி வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் நூல் மில்லில் ஃபிட்டர். மே மாதம் மெஷின்களைக் கழற்றி மாட்டுகிற வேலை முடிந்ததும் அவர்களுக்குச் சேர்ந்தாற்போல லீவு கிடைக்கும். "இந்த வருசம் கொடைக்கானல் போறோம். போட்டுல ஏறணும், சைக்கிள் ஓட்டணும், பிள்ளைக குதிரை ஏறணும். இல்லன்னா உங்க மக அடுத்த வருசம் காஷ்மீர் போயிட்டு வந்துருவா" என்றேன்.

அவர் "ம்" என்றார். அவர் பேச்சு அவ்வளவுதான். மில் இரைச்சலில் இருந்து இருந்து அவருக்கு வாய்ப்பேச்சு சுருங்கிவிட்டது என்பார்கள். எனக்குத் தெரியும், பிறவியிலேயே அப்படித்தான். பாதி வார்த்தையை வெளியே விடுவார், மீதியை முழுங்கிவிடுவார்.

ஆனால் அந்த "ம்" நிஜமான "ம்". மறுநாளே அம்பாசடர் காருக்குச் சொல்லி வைத்துவிட்டார். மில்லில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் கல்யாணம் ஆன புதிதில் கொடைக்கானல் போனவர். அவரை வீட்டுக்கே கூட்டிவந்து, எந்த இடத்தில் அறை எடுக்கலாம், ஏரியைச் சுற்றி நடந்தால் கால் வலிக்குமா, தூண் பாறைக்குப் போனால் பனி மறைக்காமல் இருக்குமா என்று விசாரித்தோம். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "அங்க அரிசி கிடைக்குமா?" அவர் வாயில் இருந்த காப்பி மூக்கில் ஏறிவிட்டது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், நான் புளியோதரைக்குப் புளி காய்ச்சிவிட்டேன். முறுக்கு சுட்டேன். பம்ப் ஸ்டவ்வைத் துடைத்து வைத்தேன். பையன் இரண்டாம் வகுப்பு. அவன் தலையணையை எடுத்துத் திண்ணையில்லாத எங்கள் வாசல்படியில் போட்டு, குதிரை ஏறிப் பழகினான்.

ஸ்வெட்டர்தான் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் வெயிலில் ஸ்வெட்டர் என்று கேட்டால் காய்ச்சலா என்று கேட்பார்கள். தெருவில் ஒரு வீட்டில் இரவல் கிடைத்தது, அதுவும் எனக்கு மட்டும்தான் பொருந்தியது. சரி, ஆளுக்கொரு போர்வையாவது எடுத்துக்கொள்வோம் என்று அவரை பாய் கடைக்கு அனுப்பினேன். பஜாரில் ஜவுளி வைத்திருந்த அந்த பாய்க்கு எங்கள் மாமனார் காலத்திலிருந்தே பழக்கம். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் சரி, கருமாதிக்கும் சரி, துணி அங்கேதான். பாய் சும்மா இருப்பாரா? "என்ன, மே மாசத்துல போர்வை?" என்று கேட்டிருக்கிறார். இவர் வழக்கம்போலப் பாதியை முழுங்கிக்கொண்டு, "குடும்பத்தோட கொடைக்குப் போறோம் பாய்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் சாமிக்குப் பொங்கல் வைக்கிறோம் என்போம். ஆனால் என் மாமனார் வகையறா சங்கரன்கோயில் பக்கத்து ஆட்கள். அவர்களுக்குக் குலசாமிக்குக் கிடாய் வெட்டிக் கும்பிடுவது என்றால் 'கொடை'. கொடை கொடுக்கிறது, கொடைக்குப் போறது என்றுதான் பேச்சு. இது எனக்கு அன்று உறைக்கவே இல்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் காலை. நான் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆடு கத்துகிற சத்தம். நம்ம வீட்டு வாசலில் ஏது ஆடு என்று எட்டிப் பார்த்தால், மாங்காய் ஏற்றிய டெம்போ நிற்கிறது. அதிலிருந்து கொம்பில் மஞ்சள் தடவி, கழுத்தில் மாலை போட்ட ஒரு கிடாய் இறங்குகிறது. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே என் நாத்தனார் இறங்குகிறார்!

மதினி எங்கள் வாசலை மிதித்து எட்டு வருடம். அவர் என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், ஒரே அக்கா. தேவதானத்தில் வாக்கப்பட்டவர். என் மாமனார் இறந்த அன்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டு எல்லாரும் காத்துக்கொண்டுதான் இருந்தோம். மதினி வந்த பஸ் வழியில் பழுதாகிவிட்டது. இங்கே பொழுது சாயப்போகிறது, எடுங்க எடுங்க என்று பெரிய ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். கொள்ளி வைக்கிற பிள்ளை என் வீட்டுக்காரர். 'அக்கா வரட்டும்' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். அவர் வாய் திறக்கவில்லை. மதினி வந்து இறங்கும்போது நாங்கள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தோம். "எங்கப்பன் முகத்தை எனக்குக் காட்டாம எடுத்துட்டீகளே" என்று தெருவில் விழுந்து அழுதார். வீட்டுக்குள் வரவில்லை. அப்படியே திரும்பிப் போனவர்தான். என் பையன் பிறந்ததற்குச் சொல்லி அனுப்பினோம், வரவில்லை. அதன் பிறகு கூமாப்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற குலசாமிக்கும் கொடை கொடுக்கவில்லை. கூடப்பிறந்தவள் இல்லாமல் எனக்கு என்ன சாமி என்று இவர் இருந்துவிட்டார்.

அந்த மதினி இப்போது வாசலில் நின்று, "ஏட்டி, என்ன முழிச்சுக்கிட்டு நிக்க? ஆட்டை எங்க கட்ட?" என்கிறார்.

"வாங்க மதினி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"தம்பி கொடைக்குப் போறானாம்ல, பாய் கடையில சொன்னாக. சாமி காரியத்துக்கு அழைக்கலையேன்னு இருக்க முடியுமா? பிறந்த வீட்டுச் சாமி. அதான் வந்துட்டேன். எங்க வீட்டு அவியளுக்குத் தோப்புக் காவல் இருக்கு, வர முடியல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொடை! பாவி மனுஷா, 'கானல்' என்று சேர்த்துச் சொல்ல உனக்கு வாய் வலித்ததா?

கொல்லையில் சவரம் செய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வந்தார். பாதி முகத்தில் சோப்பு. அக்காவைப் பார்த்தார், கிடாயைப் பார்த்தார். அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "என்னலே, மெலிஞ்சு போயிட்ட" என்றார் மதினி. இவருக்கு உதடு துடிக்கிறதே தவிர, சத்தம் வரவில்லை. பிள்ளைகள் இரண்டும் பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணாலேயே மிரட்டி உள்ளே அனுப்பினேன்.

அடுப்படிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். "என்னங்க செய்யப் போறீக?"

அவர் தரையைப் பார்த்தபடி, "காரைக் கூமாப்பட்டிக்குத் திருப்பிருவோம்" என்றார்.

"கொடைக்கானல்?"

"இன்னொரு வருசம் பாப்போம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மெதுவாகக் கத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. "மக எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரியுறா, இந்த வருசம் நிசமாவே போறோம்னு. 'நிசமாவே'ன்னு ஒரு பிள்ளை சொல்ற மாதிரி வச்சிருக்கோமே, வெக்கமா இல்ல? சரி, கூமாப்பட்டிக்கே போறோம்னு வச்சுக்கோங்க. அங்க பூசாரிக்குச் சொல்லலை, பங்காளிகளுக்குச் சொல்லலை. வெறும் கோயில்ல ஆட்டோட போய் இறங்கினதும் அவுகளுக்குத் தெரிஞ்சு போகாதா? ஏமாத்திட்டோம்னு நினைச்சா ஆயுசுக்கும் இந்த வாசலுக்கு வருவாகளா?"

"நீ சொல்லிருதியா?" என்றார்.

கேட்டீர்களா? எட்டு வருடத்துக்கு அப்புறம் வந்திருக்கிற அக்காவிடம், 'இது சாமி இல்லை, உல்லாசப் பயணம், உன்னை நாங்கள் கூப்பிடவே இல்லை' என்று நான் சொல்ல வேண்டுமாம். எனக்கு அவரை அந்தப் புளிக்காய்ச்சல் சட்டியாலேயே அடிக்கலாம் போலிருந்தது. ஆனால் யாராவது ஒருத்தர் சொல்லித்தான் ஆக வேண்டும். போனேன். மதினி கிடாய்க்கு அகத்திக்கீரை போட்டுக்கொண்டிருந்தார்.

"மதினி, கோவிச்சுக்கிடாதீக. நாங்க போறது சாமிக் கொடைக்கு இல்ல. கொடைக்கானலுக்கு. மலைக்கு. சும்மா சுத்திப் பாக்க. இவுக பாய்ட்ட அரைகுறையா சொல்லிட்டு வந்துட்டாக."

கீரைக்கட்டு அவர் கையிலேயே நின்றது. முகம் செத்துப்போய்விட்டது. பிறகு, "அப்ப நான் அழையா வீட்டுக்குல்ல வந்திருக்கேன்" என்றார். கிடாயின் கயிற்றை அவிழ்த்தார். "தப்பா நினைச்சுக்கிடாத. பொறவு வாரேன்" என்று வாசலை நோக்கி நடந்தார். 'பொறவு வாரேன்' என்றால் வரமாட்டார் என்று எனக்குத் தெரியாதா? "மதினி, நில்லுங்க மதினி" என்று பின்னாலேயே ஓடினேன். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. என் வீட்டுக்காரர் எங்களைத் தாண்டிப் போய், வாசல்படியில் இரண்டு பக்கமும் கையை ஊன்றி வழியை மறித்து நின்றார். முகத்தில் சோப்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"அக்கா, நீ போகக்கூடாது" என்றார். "அன்னைக்கு நான் வாயைத் திறக்கலை. தப்பு என்னுதுதான். உனக்காக நிறுத்தச் சொல்லியிருக்கணும். சொல்லலை. இப்பச் சொல்றேன், நீ போகக்கூடாது. எங்ககூட மலைக்கு வா."

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். மதினி கயிற்றை விட்டுவிட்டு அவர் முகத்தில் இருந்த சோப்பை முந்தானையால் துடைத்தார். "அழாதலே. ஆம்பளை அழுதா எனக்குப் பிடிக்காது. வாரேன்" என்றார். கயிறு விடுபட்ட கிடாய் என் முருங்கைக் கன்றை மொட்டையடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அதுகூட ஆத்திரமாக வரவில்லை.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு அம்மா இருந்தார். கிடாயை அவரிடம் விட்டோம். "ஏமம்மா, ஊட்டுக்குக் காவலா ஆட்டைக் கட்டிட்டுப் போறீக?" என்று கேட்டுக்கொண்டே கயிற்றை வாங்கிக் கட்டினார்.

மறுநாள் விடியும்போது கிளம்பினோம். முன்னால் டிரைவருடன் அவரும் பையனும். பின்னால் நான், மகள், மதினி, மதினியின் காலடியில் ஒரு ஒயர்கூடை. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்போது எல்லாரும் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, வத்தலக்குண்டு. மகள் வழியெல்லாம் அத்தைக்குக் கொடைக்கானலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். போகாத ஊருக்கு வழி அவளைவிடத் தெரிந்தவர் யார்? மதினி, "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மலை ஏற ஆரம்பித்ததும் பையன் வாந்தி எடுத்தான். எனக்குக் காது அடைத்தது. கீழே பார்த்தால் நாங்கள் வந்த சாலை அறுந்த நூல் மாதிரி கிடந்தது. இவ்வளவு உயரத்தையா நான் வாசலில் நின்று மணி பார்க்க வைத்திருந்தேன்? பயத்தில் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பாதை ஓரத்தில் ஒரு அருவி விழுகிற இடத்தில் கார் நின்றது. இறங்கியதும் குளிர் சுள்ளென்று அடித்தது. மே மாதத்தில் வாயில் புகை வருகிறது! பிள்ளைகள் ஊதி ஊதிப் பார்த்துக் குதித்தார்கள். போர்வையை எடுக்க நான் டிக்கியைத் திறக்கப் போனேன். அதற்குள் மதினி ஒயர்கூடையை மடியில் வைத்து, மேலே இருந்த சேலையை விலக்கி, உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். சிவப்பில் ஒரு குரங்குக் குல்லா. நீலத்தில் ஒரு குரங்குக் குல்லா. தம்பிக்கு ஒரு மப்ளர். எல்லாம் புதுசு. பாய் கடைத் துணிப்பையில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

பிள்ளைகள் பறித்து மாட்டிக்கொண்டு அருவிக்கு ஓடினார்கள். என் வீட்டுக்காரர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு டீ வாங்கப் போனார். நான் மட்டும் அசையாமல் நின்றேன். கூமாப்பட்டி வெயிலில், கிடாய் வெட்டுகிற கோயிலில், குரங்குக் குல்லா எதற்கு?

"மதினி!"

"கத்தாதட்டி. தம்பி காதுல விழுந்துறப் போகுது."

"அப்ப கொடைன்னா கொடைக்கானல்னு..."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்" என்றார் மதினி. "போர்வை வாங்கிட்டுப் போனான்னு பாய் சொன்னாருல்ல. போர்வை போத்திக்கிட்டா சாமி கும்பிடுவான்?"

அவர் அருவியைப் பார்த்தபடியே சொன்னார். "நானா கோவிச்சுக்கிட்டுப் போனவ. நானா எப்படி வர? ஊர் சுத்தப் போற வீட்டுக்கு அழைக்காம வந்து நின்னா சோத்துக்கு வந்தவன்னு சொல்வாக. சாமி காரியம்னா அழைக்காம வரலாம். கைய வீசிக்கிட்டு வந்தா யாரு நம்புவா? அதான் ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன், திரும்பிப் போயி அந்த ஆட்டை நிசமாவே குடுத்துப்புடணும்."

"நேத்து வாசல்ல இவுக மறிக்கலைன்னா?"

"போயிருப்பேன்" என்றார். "பொறவு வந்திருக்க மாட்டேன்."

அருவிப் பக்கம் பார்த்தேன். நீலக் குல்லாவில் என் பையன் நிற்கிறான். குல்லா அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியிருக்கிறது. அவனுக்குத் தலை பெரியது. கடையில் வாங்கின எந்தத் தொப்பியும் அவனுக்கு இதுவரை நுழைந்ததில்லை. மதினியோ அவனை நேற்றுவரை பார்த்ததே கிடையாது.

"மதினி, அளவு எப்படி..."

"டவுனுக்கு வரும்போதெல்லாம் பள்ளிக்கூடம் விடுற நேரத்துக்கு எதிர்த்த கடையோரம் போய் நிப்பேன்" என்றார். "இவன் பையைத் தூக்கிக்கிட்டு வெளிய வருவான். அந்த நெத்தி, அந்த முழி, தலையைச் சாச்சு நடக்குறது. அப்படியே எங்கப்பன் வர்ற மாதிரி இருக்கும்டி. ஒரு தடவை பாத்துக்கிட்டுப் போய் பஸ் ஏறிருவேன்."

பெற்றவள் நான். தினமும் குளிப்பாட்டி, தலை துவட்டி வளர்த்தவள். அவன் முகத்தில் என் மாமனார் இருந்ததை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. இந்த மனுஷி தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறார்.

மதினி, "ஏலே, இங்க வா" என்று அவனைக் கூப்பிட்டார். ஓடி வந்தான். குல்லாவைச் சரி செய்கிற மாதிரி அவன் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, கிட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேரமாகிறது என்று டிரைவர் ஹாரன் அடித்தார்.

"செத்த நேரம் பொறுங்க!" என்று கத்தினேன்.